வெறுமையாக அச்சான கேடயம்

என் மேசையின் இரண்டாவது இழுப்பறையில், பழைய அளவுகோல்களுக்கும் மை உலர்ந்த முத்திரைகளுக்கும் அடியில், ஒரு கலியாண அட்டை கிடக்கிறது. தடித்த தாள், முட்டை ஓட்டின் நிறம். மேலே இரண்டு கேடயங்கள் ஒன்றையொன்று நோக்கிச் சற்றே சாய்ந்து நிற்கின்றன. இடப்பக்கக் கேடயத்தில் ஒரு கறுப்பு நீர்க்காகம் கழுத்தை நீட்டியபடி மற்றக் கேடயத்தைப் பார்க்கிறது. அது பார்க்கும் கேடயத்துக்குள் ஒன்றுமில்லை. ஒரு மெல்லிய கறுப்புக் கோடு கேடயத்தின் வடிவத்தைச் சுற்றி வந்து முடிகிறது. உள்ளே தாளின் நிறம் மட்டும். கீழே இரண்டு மொழிகளில் மணமக்களின் பெயர்களும் மண்டபத்தின் விலாசமும் இருக்கின்றன.

அந்த அட்டை கிடைத்த தமிழர் பலர் அதை அச்சுப் பிழை என்றார்கள். நோர்வேக்காரர் சிலர் அதில் ஆழமான பொருள் இருப்பதாகச் சொன்னார்கள். இரண்டும் இல்லை. அந்தக் கேடயம் வெறுமையாகப் போனதற்கு நான் சொன்ன ஒரு பொய்தான் காரணம். அதைச் சொல்வதென்றால் ஓவசியரைப் பற்றிச் சொல்லவேண்டும்.

ஓவசியர் மட்டக்களப்புக்காரர். ஊரில் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் ஓவசியராக, அதாவது மேற்பார்வையாளராக, வேலை பார்த்தவர். வாய்க்கால்களும் மதகுகளும் அவர் பொறுப்பில் இருந்தன. ஒஸ்லோவில் ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கும் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தார். வாய்க்காலும் மதகும் ஊரிலேயே நின்றுவிட, பட்டம் மட்டும் அவரோடு விமானம் ஏறி வந்துவிட்டது. மெட்ரோப் பாதை முடிகிற வெஸ்ட்லியில், ஒரே கட்டடத்தில், எங்களுக்கு மேல் மாடியில் அவரும் மனைவியும் மகளும் இருந்தார்கள். நாங்கள் யாழ்ப்பாணம். யாழ்ப்பாணத்தாருக்கு மட்டக்களப்பைப் பற்றித் தெரிந்ததெல்லாம் தயிர் ஒன்றுதான் என்று அவர் என்னைச் சீண்டுவார். உண்மையைச் சொன்னால் எனக்கு அந்தத் தயிரைப் பற்றியும் பெரிதாகத் தெரியாது. வேலை முடிந்து வந்ததும் அவர் நேரே மேலே ஏறமாட்டார். கீழே வாசலில், வரிசையாக நிற்கும் தபால்பெட்டிகளுக்கு முன்னால் நின்று, தன் பெட்டியைத் திறந்து, வந்த கடிதங்களை ஒவ்வொன்றாக வாசித்துவிட்டுத்தான் போவார். அந்தப் பெட்டியின் சாவி அவருடைய சட்டைப்பையில்தான் இருக்கும். அக்கா, அவருடைய மனைவியை நான் அப்படித்தான் கூப்பிடுவேன், அதைத் தொட்டதே இல்லை. நோர்வேஜியக் கடிதங்களோடு மல்லுக்கட்டுவது தன் திணைக்களம் என்று அவர் சொல்வார்.

நான் அன்று வேலை செய்த கடையில்தான் இன்றும் வேலை செய்கிறேன். கதவுகளுக்கும் தபால்பெட்டிகளுக்கும் பெயர்த்தகடு வெட்டுவோம், றப்பர் முத்திரை செய்வோம், போட்டிக் கிண்ணங்களில் எழுத்துப் பொறிப்போம், கலியாண அட்டை அடிப்போம். முதலாளி ஒரு நோர்வேஜியப் பெண்மணி. கறாரானவர், கடையில் யாரும் சாப்பிட்டுக்கொண்டே வேலை செய்ய முடியாது, அவரைத் தவிர. அவருக்கு ஒரே ஒரு பைத்தியம் உண்டு, அது குலச்சின்னங்கள். கேடயத்தில் மிருகமும் பறவையும் வரைந்து, இது எங்கள் குடும்பத்தின் சின்னம் என்று மோதிரத்திலும் சுவரிலும் வைத்துக்கொள்ளும் ஐரோப்பிய வழக்கம். அது பிரபுக்களுக்கு மட்டும் உரியது என்றுதான் நான் முதலில் நினைத்திருந்தேன். அவர் என்னைத் திருத்தினார். நோர்வேயில் யாரும் தனக்கென்று ஒரு சின்னம் வைத்துக்கொள்ளலாம். அரசரிடம் கேட்கத் தேவையில்லை, எந்த அலுவலகத்திலும் படிவம் நிரப்பத் தேவையில்லை. படிவம் இல்லாமல் இந்த நாட்டில் நடக்கிற ஒரே காரியம் அதுவாகத்தான் இருக்கவேண்டும்.

ஆனால் வரைகிறதற்கு விதிகள் உண்டு. மஞ்சளும் வெள்ளையும் அங்கே நிறங்கள் அல்ல, பொன்னும் வெள்ளியும்; அவை உலோகங்கள். சிவப்பு, நீலம், பச்சை, கறுப்பு என்பவையே நிறங்கள். உலோகத்தின்மேல் உலோகமோ நிறத்தின்மேல் நிறமோ வரக்கூடாது. வந்தால் தூரத்திலிருந்து பார்க்கிறவருக்குச் சின்னம் தெரியாது. வலது, இடது என்பது பார்க்கிறவருடையது அல்ல, கேடயத்துக்குப் பின்னால் நின்று அதைப் பிடித்திருக்கிறவருடையது. இதையெல்லாம் முதலாளி மகிழ்ச்சியோடு சொல்வார். வாடிக்கையாளர் யாராவது, சிவப்பு என்றால் வீரம்தானே, நீலம் என்றால் உண்மைதானே என்று கேட்டால் மட்டும் முகம் சுருங்கிவிடும். சிவப்பு என்றால் சிவப்பு என்பார். ஒரு சின்னம் ஆளின் குணத்தைச் சொல்வதில்லை, இன்னார் என்று சொல்லும், அதற்குமேல் தேடுவது சோதிடம் என்பது அவருடைய கட்சி.

ஓவசியரின் மகள் தாதியாகப் படித்துக்கொண்டிருந்தாள். கூடப் படித்த நோர்வேஜியப் பையன் ஒருவனைக் கலியாணம் செய்வதாக இருந்தது. ஓவசியர் அதற்குத் தடை சொல்லவில்லை. ஒரு மாலை, கடை பூட்டுவதற்குக் கொஞ்ச நேரம் முன்பு, அவர் நேரே வேலையிலிருந்து வந்தார். கையில் ஒரு தாள். மாப்பிள்ளை வீட்டார் அட்டைக்கு அனுப்பிய படம் அது: வெள்ளிக் கேடயத்தில் கறுப்பு நீர்க்காகம்.

“அவங்கட சின்னமாம், தங்கச்சி. அட்டையில போடணுமாம். மாப்பிள்ளைட தாய் வலு மரியாதையாத்தான் கேட்டாங்க, உங்களுக்கும் ஒண்டு இருக்கா எண்டு.”

“நீங்கள் என்ன சொன்னனீங்கள் அண்ணை?”

“ஓம், இருக்கு எண்டு சொல்லிப்போட்டன்.” மேசையின் விளிம்பைத் தடவினார். “இல்ல எண்டு சொல்ல வாய் வரல்ல. மறுகா, அவங்கட பக்கம் பறவை நிக்க, எங்கட பக்கம் என்ன நிக்கிற? ஒண்டுமில்லாம வந்த ஆக்கள் எண்டு அட்டையிலயும் அடிச்சுக் குடுக்கிறதா?”

கலியாண அட்டையில் காகமா என்று எனக்கு முதலில் தோன்றியது. அதை விழுங்கிக்கொண்டு, தாமரை போடலாம், கோபுரம் போடலாம், பனை மரம் போடலாம் என்று அடுக்கினேன். பனையை யாழ்ப்பாணத்தாரே வைத்துக்கொள்ளட்டும் என்றார். மிருகம் ஏதாவது பார்ப்போமா என்றதற்குச் சிரித்தார். “சிங்கம் வேணாம், புலியும் வேணாம். ரெண்டாலயும் பட்டது காணும்.” நோர்வே எங்கள் நாட்டுக்குச் சமாதானம் பேசப் போய்க் களைத்திருந்த காலம் அது. அவர் சொன்னதில் விளையாட்டு எவ்வளவு, சலிப்பு எவ்வளவு என்று நான் பிரித்துப் பார்க்கவில்லை.

பிறகு என் பென்சிலை எடுத்து, அந்தத் தாளின் மூலையில், மூன்று இழுப்பில் ஒன்றை வரைந்தார். கீழ்நோக்கிக் கவிழ்ந்த ஓர் அரைவட்டம். அதன் நடுவிலிருந்து கீழே இறங்கும் ஒரு கோடு. அந்தக் கோட்டின் அடியில் சிறிய குறுக்குக் கோடு.

“குடையோ?”

“குடையில்ல. குறி.”

மேசையில் சாய்ந்து நின்றபடியே அதைச் சொன்னார். அவர்கள் ஊரில் ஒவ்வொருவரும் ஒரு குடியைச் சேர்ந்தவர். குடிக்கென்று ஒரு குறி உண்டு. நெல் வேளாண்மை வெட்டி முடிந்ததும் மாட்டுப் பட்டியில் கன்றுகளைப் பிடித்து, பழுக்கக் காய்ந்த இரும்பால் தொடையில் அந்தக் குறியைச் சுடுவார்கள். காடு கரையெல்லாம் கலந்து மேய்ந்தாலும் எந்த மாடு யாருடையது என்பதில் வழக்கு வராது. அரைவட்டமும் கோடும் குடிக்குப் பொது. அடியிலுள்ள குறுக்குக் கோடு அவருடைய அம்மாவின் வழிக்கு மட்டும் உரியது. சிறுவயதில் மாமனின் பட்டியில் இரும்பைப் பிடித்துக் கொடுக்கிற வேலை அவருக்கு. கறுப்பு மாட்டில் சுட்ட இடம் ஆறியபின் வெள்ளையாகத் தெரியும் என்றார்.

எங்கள் பேச்சு நீளுவதைக் கண்டு முதலாளி வந்து எட்டிப் பார்த்தார். வரைந்திருந்ததைக் கண்டதும், “பூமர்க்கே!” என்றார், தெருவில் பழைய சிநேகிதரைக் கண்டவர்போல. நோர்வேயின் பண்ணைக்காரரும் முன்காலத்தில் இப்படிக் கோடுகளாலான குறியைத் தங்கள் கோடரியிலும் படகிலும் வெட்டி வைத்திருந்தார்களாம். எழுதத் தெரியாதவர் பத்திரத்தில் கையெழுத்துக்குப் பதிலாக அதைப் போடுவாராம். பிறகு அதையே கேடயத்துக்குள் வைத்து முத்திரையாக்கிக்கொண்டார்களாம். சுவரில் சட்டமிட்டுத் தொங்கிய பழைய முத்திரைகளின் படத்தைக் கழற்றிக்கொண்டு வந்து மேசையில் வைத்தார். ஓவசியர் மூக்குக்கண்ணாடியை மாற்றிக்கொண்டு குனிந்தார். கோடு, குறுக்கு, வட்டம், கவை. இரண்டு தலையும் ஒன்றாகக் குனிந்திருந்ததைப் பார்த்தால் ஒரே ஊர்க்காரர்கள் என்று யாரும் சொல்வார்கள்.

இது எதைக் குறிக்கிறது என்று முதலாளி அவரிடமே கேட்டார். ஓவசியருக்கு வேலைக்கும் கடைத்தெருவுக்கும் போதுமான அளவு நோர்வேஜிய மொழி தெரியும். கொஞ்சம் யோசித்து, “நாங்கள்” என்று அந்த மொழியில் ஒரே ஒரு சொல் சொன்னார். முதலாளி என் பக்கம் திரும்பி, இத்தனை வருடத்தில் இந்தக் கேள்விக்குச் சரியாகப் பதில் சொன்ன வாடிக்கையாளர் இவர் ஒருவர்தான் என்றார். அந்த ‘நாங்கள்’ என்பதற்குள் யார் யார் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

கறுப்புக் கேடயத்தில் வெள்ளிக் குறி என்று முடிவாயிற்று. நிறத்தின்மேல் உலோகம், விதிக்குப் பொருத்தம். மாட்டின் தொடைக்கும் பொருத்தம். கலியாண அட்டையில் காகமும் போதாதென்று கறுப்பும் வருகிறதே என்று தோன்றியது, அதையும் விழுங்கினேன். முதலாளி ஓவசியருக்கு இன்னொன்றையும் காட்டினார். கேடயத்தில் உள்ள பறவையும் மிருகமும் எப்போதும் ஏந்துகிறவரின் வலப்பக்கம் பார்த்தே நிற்கவேண்டும். ஆனால் கணவன் மனைவி இருவரின் கேடயங்களையும் அருகருகே வைக்கும்போது மட்டும் கணவனுடையதை மனைவியின் பக்கம் திருப்பிவிடுவார்கள், மரியாதைக்காக. இல்லாவிட்டால் பறவை மணப்பெண்ணுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும். அப்படியே கணினியில் நீர்க்காகத்தைத் திருப்பினார். ஓவசியர் திரையைப் பார்த்து மெல்லச் சொன்னார்: “பாத்தியா தங்கச்சி, அவங்கட பறவை எங்கட குறியத்தான் பாக்குது.” அவருடைய முகத்தில் அப்படியொரு திருப்தியை நான் அதற்குமுன் கண்டதில்லை. மாதிரிப் படியை இரண்டு அட்டைகளுக்கு நடுவில் வைத்துக் கசங்காமல் கொண்டு போனார்.

அடுத்த நாள் மத்தியானம் அக்கா கடைக்கு வந்தார். அவர் தனியாக நகரத்துக்குள் வந்து நான் கண்டதில்லை. முதலாளி பின்னால் இயந்திரத்தில் இருந்தார். அக்கா கைப்பையைத் திறந்து மாதிரிப் படியை எடுத்து, மேசையில் வைத்து, விரலால் கறுப்புக் கேடயத்தைத் தொட்டார்.

“இது அவர்ட குறி, புள்ள. மகள்ட இல்ல.”

எனக்கு விளங்கவில்லை. தகப்பனின் குறி மகளுக்கு ஆகாதா என்றேன்.

“ஆகாது. தாய் எந்தக் குடியோ புள்ளையும் அந்தக் குடி. அவள் என்ர குடி. அவர் தன்ர அம்மாட குடி. ஒரே குடிக்குள்ள நாங்க கட்டுறதில்ல, ஒரே குடி எண்டா அண்ணன் தங்கச்சி. இந்த அட்டை என்ர அண்ணன்மாருக்கும் போகும். புள்ளைக்குத் தகப்பன்ர குறி எண்டு கண்டா, எங்கட ஆக்கள் எப்பிடி வாசிப்பாங்க? தாயும் தகப்பனும் ஒரே குடி எண்டுதானே? அண்ணனும் தங்கச்சியும் கட்டிப் பெத்த புள்ள எண்டு அட்டை அடிச்சுக் குடுக்கிறமா?”

எனக்கு யாழ்ப்பாணத்து மூளை. தகப்பன், தகப்பனின் தகப்பன் என்று போய்ப் பழகியது. முதலாளியின் விதிப் புத்தகமும் அப்படித்தான் போகும்: மகள் தகப்பனின் சின்னத்தையே ஏந்துவாள். ஐரோப்பாவும் யாழ்ப்பாணமும் ஒரு பக்கம் நிற்க, மட்டக்களப்பு தனியே மறுபக்கம் நின்றது. ஓவசியர் இதை எப்படி மறந்தார் என்று கேட்டேன்.

“மறக்கல்ல. அவருக்குத் தெரியாதா?” அக்கா அட்டையைத் திருப்பிக் கவிழ்த்து வைத்தார். “அவருக்கு ஒரே தங்கச்சி. தங்கச்சிக்கு ரெண்டு பொம்பிளப் புள்ளைகள். அவங்கதான் குறியக் கொண்டு போறதுக்கு இருந்தாங்க. மூண்டு பேரையும் கடல் கொண்டுபோயிற்று. மாமிட வயித்தில மிஞ்சினது இவர் ஒராள். ஆம்பிளையால குடி போகாது, புள்ள. இவரோட அந்தச் சின்னக் கோடு முடிஞ்சுது.”

கடல் ஊருக்குள் வந்து அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது. அந்தக் கிழமைகளில் ஓவசியர் ஒரு நாளும் வேலைக்குப் போகாமல் நின்றதில்லை என்பது எனக்கு ஞாபகம் வந்தது. நாங்கள் துக்கம் விசாரிக்கப் போனபோதும் தேத்தண்ணீர் அவர்தான் ஊற்றித் தந்தார்.

அவரிடமே சொல்லிப் பாருங்களேன் என்றேன். அக்கா தலையை ஆட்டினார்.

“சொன்னா அந்த நிமிசமே விட்டிருவார். அதுதான் சொல்லேலா. நான் சொல்லி அவர் விட்டா, அந்த மூண்டு பேரையும் நான் ரெண்டாந்தரம் தண்ணிக்குள்ள தள்ளின மாதிரி. அந்தப் பழி எனக்கு வேணாம். நீ சொல்லு. இந்த நாட்டுச் சட்டம் இடம் குடுக்குதில்ல எண்டு சொல்லு. சட்டம் எண்டா அவருக்குக் கோபம் வராது, ஓவசியரா இருந்த மனிசன்.”

அக்காவின் குடியின் குறியைப் போடலாமா என்று ஒரு யோசனை சொன்னேன். அவர்கள் வீட்டில் மாடு இருந்ததில்லையாம். குறி என்னவென்று அவருக்கே தெரியாதாம். அதோடு, கணவருடையதை எடுத்துவிட்டுத் தன்னுடையதை வைப்பதா என்று என்னை ஒரு பார்வை பார்த்தார். தேத்தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

ஓவசியர் அன்று மாலையே வந்தார், அச்சுக்குச் சம்மதம் சொல்ல. முதலாளி அவருக்காக அந்தச் சின்னத்தை முறைப்படி வார்த்தைகளில் எழுதி வைத்திருந்தார். ஒரு சின்னத்துக்கு வார்த்தைதான் முதல், படம் பிறகு என்பது அவருடைய உலகத்தின் வழக்கம். வார்த்தை இருந்தால் எந்தச் சித்திரக்காரனும் எந்தக் காலத்திலும் அதைத் திரும்ப வரையலாம். அந்தத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு முதலாளி என் பக்கத்திலேயே நின்றார். நான் தமிழில் சொன்னேன்:

“அண்ணை, ஒரு சிக்கல். மாட்டுக்குச் சுடுற குறியைக் கலியாண அட்டையில போட இஞ்சை விடமாட்டினமாம். அப்பிடி ஒரு விதி இருக்காம்.”

உலகத்தில் இதைவிட மோசமாக யாரும் பொய் சொல்லியிருக்க முடியாது. பண்ணைக்காரரின் குறிகள் கேடயத்துக்குள் நிற்கிற அந்தப் படம் எனக்குப் பின்னால் சுவரில் தொங்கியது. முந்தின நாள் அவர் அதைக் கண்ணாடி மாற்றிப் பார்த்தவர். இப்போதும் அதைப் பார்த்தார். பிறகு முதலாளியைப் பார்த்தார். முதலாளி புன்னகை செய்தார். ஒரே ஒரு கேள்வி அவரிடம் கேட்டிருந்தால் போதும், என் பொய் அந்த இடத்திலேயே விழுந்திருக்கும். கேட்பதற்கு வேண்டிய நோர்வேஜிய மொழி ஓவசியரிடம் இருந்தது. நான் மேசையில் கிடந்த ஊசியையும் கத்தியையும் ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது.

“அப்பிடியா?” என்றார் கடைசியில். “விதி எண்டா விதிதான்.”

வேறு ஏதாவது வரைவோமா என்று கேட்டேன்.

“வேணாம். குறிய எடுங்க. கேடயம் நிக்கட்டும்.”

“வெறுமையாவோ?”

“வெறுமையா. கறுப்பும் வேணாம்.”

என்ன சொல்கிறார் என்று முதலாளி கேட்டார். மனத்தை மாற்றிக்கொண்டாராம், வெறுமையாக விடட்டுமாம் என்று மொழிபெயர்த்தேன். ஆக, ஐந்து நிமிடத்தில் இரண்டு மொழியில் இரண்டு பொய். முதலாளியின் முகம் விழுந்துபோயிற்று. எழுதி வைத்திருந்த தாளை நான்காக மடித்தார், பிறகு என்ன நினைத்தாரோ, அதை ஓவசியரிடமே கொடுத்தார். அவர் அதைத் தபால்பெட்டிச் சாவி இருக்கும் அதே பையில் வைத்துக்கொண்டு போனார்.

கலியாண மண்டபத்தில் மாப்பிள்ளையின் தகப்பன் ஒரு பேச்சுப் பேசினார். வெறுமையான கேடயத்தைக் குறிப்பிட்டு, எல்லாவற்றையும் விட்டு வந்த மனிதரின் தன்னடக்கம் என்றும், இளையவர்கள் எழுதிக்கொள்ள விடப்பட்ட பக்கம் என்றும் உருகினார். நோர்வேக்காரர் கண்ணைத் துடைத்தார்கள். திராமன் நகரத்திலிருந்து வந்திருந்த ஒரு மாமி என் காதுக்குள், “அடிச்ச இடத்தில பிழை விட்டிட்டினம் போல கிடக்கு, காசைத் திருப்பிக் கேக்கேல்லையோ?” என்றார். அடித்தது நான்தான் என்று அவருக்குத் தெரியாது. அக்கா என் பக்கம் வரவில்லை. ஓவசியர் வேட்டி சால்வையோடு வாசலில் நின்று வந்தவர் எல்லாரையும் வரவேற்றுக்கொண்டிருந்தார்; என்னையும் மற்றவர்களை வரவேற்றது போலத்தான் வரவேற்றார்.

சில மாதம் கழித்து அவர் மறுபடி கடைக்கு வந்தார். பனி உருகித் தெருவெல்லாம் சேறாக இருந்தது. சப்பாத்தை நன்றாகத் துடைத்துவிட்டு வந்து, முதலாளி எழுதிக் கொடுத்த தாளை விரித்து வைத்தார். மடிப்புகளில் நைந்திருந்தது. ஒரு சின்னத் தகடு வேண்டுமாம். கேடய வடிவத்தில், கறுப்பில், குறியை வெள்ளையாகப் பொறித்து, அட்டையில் இருந்த அதே அளவில்.

“தபால்பெட்டிக்கோ அண்ணை? வெளியில ஒட்ட எங்கட குடியிருப்புச் சங்கம் விடாது. பெயர்த்தகடு எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்கவேணும் எண்டெல்லோ சொல்லியிருக்கினம்.”

அவர் என்னை நேராகப் பார்த்தார். கோபம் இல்லை; கண்ணின் ஓரத்தில் அந்தத் தயிர்க் கதை சொல்லும்போது வருகிற சுருக்கம் இருந்தது.

“இதுக்குச் சட்டம் இடம் குடுக்குமா தங்கச்சி?”

என் காது சூடாகிவிட்டது. இடம் கொடுக்கும் என்று சொன்னேனா, தலையை மட்டும் ஆட்டினேனா, நினைவில்லை. அவர் வேறு கதைக்குப் போய்விட்டார். மாப்பிள்ளை வீட்டு நீர்க்காகம் ஒன்றும் பரம்பரைச் சொத்து இல்லையாம். மாப்பிள்ளையின் தாத்தா ஓய்வு பெற்றபின் பொழுது போகாமல் சமையலறை மேசையில் இருந்து வரைந்ததாம். அதைச் சொல்லி வயிறு குலுங்கச் சிரித்தார். “எங்கட இரும்பு அதைவிடப் பழசு” என்றார். நான் தகட்டை வெட்டும்வரை நின்று, வாங்கி, ஒரு கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு போனார். அதன்பிறகு நான் தினமும் தபால்பெட்டிகளைக் கடந்து போனேன். அவருடைய பெட்டியின் வெளியே எல்லாரையும் போல ஒரு பெயர்த்தகடு மட்டும்தான் இருந்தது. தகடு எங்கே போயிற்று என்று நான் கேட்கவில்லை.

கலியாணத்துக்குப் பின் வந்த மூன்றாவது குளிர்காலத்தில், வேலைத்தலத்தில், ஈரத் துணி வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தபோது அவருடைய இதயம் நின்றுவிட்டது. முதலாளியும் இறுதிச் சடங்குக்கு வந்தார். ஒரு வம்சத்தின் கடைசி ஆளை அடக்கம் செய்யும்போது முன்காலத்தில் அவருடைய கேடயத்தைப் பிணப்பெட்டியின் அருகில் உடைத்துவிடுவார்கள் என்று திரும்பும் வழியில் மெட்ரோவில் சொன்னார். அவருக்கு ஓவசியரின் தங்கையைப் பற்றி ஒன்றும் தெரியாது. சும்மா, சாவு வீட்டிலிருந்து வரும்போது அவரவர் தமக்குத் தெரிந்ததைக் கதைப்பதுபோலக் கதைத்தார்.

அக்கா இரண்டு கிழமை கழித்து என்னிடம் வந்தார். இந்த முறை கடைக்கு அல்ல, மாடிப்படி இறங்கி வீட்டுக்கு. கை நிறைய ஓவசியரின் பெயருக்கு வந்த கடிதங்கள். இறந்தவருக்கு இந்த நாடு இவ்வளவு கடிதம் எழுதும் என்று அவருக்குத் தெரியாதாம். முதன்முதலாக அன்றுதான் தபால்பெட்டியைத் திறந்திருக்கிறார். கடிதங்களை வைத்துவிட்டுக் கையை விரித்தார். உள்ளங்கையில் அந்தக் கறுப்புத் தகடு.

“பெட்டிக் கதவுக்கு உள்பக்கம் ஒட்டியிருந்தார், புள்ள. திறக்கிற ஆளுக்கு மட்டும் தெரியும்.” தகட்டை மேசையில் வைத்தார். “நான் உன்னட்ட வந்தது அவருக்குத் தெரியுமா?”

சட்டம் இடம் கொடுக்குமா என்று அவர் கேட்டதை அப்படியே சொன்னேன். அக்கா அழவில்லை.

“தெரிஞ்சும் என்னட்ட ஒரு நாள் கேக்கல்ல.”

தகட்டை என் பக்கம் தள்ளினார். வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் அசையவில்லை. “நான் வேற குடி. மகளும் வேற குடி. அது எங்கட கையில இருந்தா பிழை. நீ பிறத்தி ஆள், உனக்கு ஒரு குடியும் இல்ல. நீ வச்சிக்கொள்.” இதை ஒரு குறையாக அவர் சொல்லவில்லை, ஒரு தகுதியாகச் சொன்னார். முதலாளி சொன்ன அந்த உடைக்கிற வழக்கத்தை நான் அவரிடம் சொல்லவில்லை.

இன்றும் முதலாளி எப்போதாவது என் இழுப்பறையில் எதையாவது தேடும்போது அந்த அட்டையைக் காண்பார். நல்ல சின்னம், அந்த மனிதர் ஏன்தான் வெறுமையாக விட்டாரோ என்று கேட்பார். அவருக்கு அப்படித்தான் விருப்பம் என்று நானும் சொல்வேன். போன கிழமையும் கேட்டார், போன கிழமையும் அதையே சொன்னேன். அவர் போனபிறகு அட்டையை வெளியே எடுத்து, தகட்டை அந்த வெறுமையான கேடயத்தின்மேல் வைத்துப் பார்த்தேன். ஒரே அளவு, விளிம்போடு விளிம்பு பொருந்தி நின்றது. நீர்க்காகம் கடைசியில் பார்ப்பதற்கு ஒன்றைப் பெற்றிருந்தது. பார்க்க மிக அழகாக இருந்தது. கொஞ்ச நேரம் அப்படியே விட்டேன். பிறகு எடுத்துவிட்டேன். அது ஓவசியரின் மகளின் இடம், அவள் வேறு குடி. அந்தக் குறியை அங்கே வைக்க விதி இடம் கொடுக்காது. இந்த முறை நான் சொல்வது பொய் இல்லை.